மழை நாளில் கூடும் கழிவு: பிழை யாருடைய கையில்?



இந்த மாதம் பிளாஸ்ரிக்கைக் காய வைப்பது பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அலுவலகத்தில் சிரித்துவிட்டார்கள். நெல்லைக் காய வைப்போம், மிளகாயைக் காய வைப்போம், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காய வைப்போம், பிளாஸ்ரிக்கையும் யாராவது காய வைப்பார்களா என்று கேட்டார்கள். காய வைக்கத்தான் வேண்டும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாததால் சம்பளத்தில் வெட்டு வாங்கிய பெண்களைக் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் சந்தித்திருக்கிறேன். காய வைக்கும் பொறுப்பு அவர்களுடையதாக இருக்கவில்லை. வெட்டு மட்டும் அவர்களுக்கு வந்தது.

யுத்தத்துக்குப் பின்னர் பிழைப்புத் தேடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள், தோட்டத்து வருமானம் போதாமல் இறங்கி வந்தவர்கள் என்று நம்மில் பலர் தையல் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களும், வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் சிறிய பிளாஸ்ரிக் பட்டறைகளுக்குப் போகிறார்கள். தையல் வேலையைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. பிளாஸ்ரிக் பட்டறையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். 2021 மே மாதம் 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஏற்றி வந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்புக் கரையில் வெள்ளை வெளேரென்று அவை குவிந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மீன்பிடிக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். அந்த மணிகள்தான் மூலப்பொருள். பருப்பளவில் இருக்கும். 25 கிலோ மூட்டைகளாகப் பட்டறைக்கு வரும். மெசினுக்கு மேலே புனல் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது, அதை ஹொப்பர் என்பார்கள். அதற்குள் மணிகளைக் கொட்டினால் அவை கீழே சூடான குழலுக்குள் இறங்கி உருகும். உருகிய குழம்பை அச்சுக்குள் அழுத்தித் தள்ளினால் மூடி, சுவிச்சு, வாளி, பொம்மை என்று பொருள் வரும். அச்சுக்குப் பதிலாக ஒரு துவாரத்தின் வழியே இடைவிடாமல் தள்ளினால் குழாயும் நூலும் வரும். எந்த வழியானாலும் உருகுவதற்கு முன்னர் மணி காய்ந்திருக்க வேண்டும்.

எல்லா மணியும் ஒரே சாதி அல்ல. வாளி, கதிரை, சொப்பிங் பை செய்யும் பொலித்தீன், பொலிப்புறொப்பிலீன் வகைகள் தண்ணீரை உள்ளே இழுப்பதில்லை. தாமரை இலையில் தண்ணீர் மாதிரி, மேலே நின்றால் நிற்கும், துடைத்தால் போய்விடும். குளிரான களஞ்சியத்தில் இருந்த மூட்டையைச் சூடான பட்டறைக்குள் கொண்டு வந்து உடனே பிரித்தால் மணியின் மேல் வியர்க்கும். அவ்வளவுதான். மண்ணெண்ணெய் போத்தலைத் தொட்டுப் பழகியவர்களுக்குச் சொல்வதானால், ஈரம் வெளியே இருக்குமே தவிர உள்ளே ஊறாது. போரில் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் இடங்களில் பொலிப்புறொப்பிலீன் அதிகம் பயன்படுவதற்கு இதுவும் ஒரு வசதி. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பல நாடுகளில் பரப்பிய முறை அது. வியர்வையும் மழையும் படும் காலுக்குத் தண்ணீர் குடிக்காத பொருள் நல்லதுதானே.

மற்றச் சாதிதான் சிக்கல் தருவது. நைலோன், சுவிச்சு மூடியும் தெளிந்த கண்ணாடி போன்ற பொருட்களும் செய்யும் பொலிகாபனேற், ரீவி, ரேடியோப் பெட்டிகள் செய்யும் ஏ.பி.எஸ்., குடிநீர்ப் போத்தல் செய்யும் பி.ஈ.ரி. ஆகியவை காற்றில் உள்ள ஈரத்தைத் தாமாகவே குடிக்கும். உப்புச் சாடியைத் திறந்து வைத்தால் கசிவது போல, பால்மாப் பக்கற்றைக் கட்டாமல் விட்டால் கட்டிபடுவது போல. ஆனால் உப்பு கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த மணி எவ்வளவு குடித்தாலும் கையில் எடுத்துப் பார்த்தால் உலர்ந்த அரிசி மாதிரித்தான் இருக்கும். மேற்பார்வையாளர் கைநிறைய அள்ளிப் பார்த்துவிட்டு “காய்ஞ்சுதான் இருக்கு” என்று சொல்வதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

எவ்வளவு காய வேண்டும் என்பதை மலைநாட்டுச் சகோதரிகளுக்குத் தேயிலையை வைத்துச் சொல்லலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலம் முதல் இந்த மாவட்டத்துக்குக் காய வைக்கும் தொழில் புதிதல்ல. கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்க விட்டு, கடைசியில் ட்ரையருக்குள் அனுப்புகிறார்கள். வெளியே வரும் தூளில் சுமார் 3 சதவீத ஈரம் இருக்கும். நாங்கள் அதை நன்றாகக் காய்ந்த தேயிலை என்கிறோம். பி.ஈ.ரி. மணிக்குத் தாங்கக்கூடிய ஈரம் 0.005 சதவீதம். தேயிலையை விட 600 மடங்கு உலர்ந்திருக்க வேண்டும். இன்னொரு விதமாகச் சொன்னால் 100 கிலோ மணிக்குள் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்தான் இருக்கலாம். திறந்து வைத்த மூட்டையிலோ ஒரு கோப்பைத் தண்ணீருக்கு மேல் இருக்கும். பொலிகாபனேற்றுக்கு 0.02 சதவீதம் வரை பொறுக்கும். ஏ.பி.எஸ்.ஸுக்கு 0.1, நைலோனுக்கு 0.2 என்று கொஞ்சம் தாராளம்.

ஒரு தேக்கரண்டித் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். பிளாஸ்ரிக் என்பது நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடப்பது. அந்தச் சங்கிலியின் நீளந்தான் பொருளுக்குப் பலம். பி.ஈ.ரி.யையும் பொலிகாபனேற்றையும் 280 பாகை அளவில் உருக்கும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் அது கத்தரிக்கோல் மாதிரிச் சங்கிலியின் முடிச்சுகளை வெட்டும். வெட்டுண்டது மறுபடி ஒட்டாது. அதே நேரம் மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் பொருளின் மேல் வெள்ளிக் கோடுகளாகவும் உள்ளே குமிழிகளாகவும் நிற்கும். வெள்ளிக் கோடு விழுந்த பொருளை யாரும் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். எனக்குப் பயம் கோடு விழாமல் வருவதில்தான். பார்வைக்கு நல்ல பொருள், உள்ளே சங்கிலி வெட்டுண்டு கிடக்கும். கடைக்குப் போய், வீட்டுக்குப் போய், ஒரு நாள் சும்மா கை பட்டதும் உடையும். மின்சார சுவிச்சின் மூடி அப்படி உடைந்தால் பக்கத்தில் பிள்ளை நிற்கக்கூடும்.

சரி, ட்ரையரில் போட்டுச் சூடாக்கினால் போதுந்தானே? இங்கேதான் கண்டியின் காற்று குறுக்கே வருகிறது. பொலிகாபனேற்றை 120 பாகையில் 3 முதல் 4 மணித்தியாலம், நைலோனையும் ஏ.பி.எஸ்.ஸையும் 80 பாகை அளவில், பி.ஈ.ரி.யை 160 பாகைக்கு மேல் 4 மணித்தியாலமாவது காய வைக்க வேண்டும். மலிவான ட்ரையர் வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கி மணிகளுக்கு ஊடாக ஊதுகிறது. சூடாக்குவதால் காற்றில் உள்ள தண்ணீர் போய்விடுவதில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில், மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் இந்த ஊரில், ஒரு கன மீற்றர் காற்றில் 17 கிராம் அளவில் தண்ணீர் இருக்கும். துணி மூன்று நாளாகியும் காயாத காலம் அது. ஈரக் காற்றைச் சூடாக்கி ஊதினால் ஏ.பி.எஸ். ஓரளவு காயும். பி.ஈ.ரி. காயவே காயாது. நைலோன் பாதியில் நின்றுவிடும்.

விலை கூடிய ட்ரையரில் காற்று முதலில் ஒரு வடிகட்டியைத் தாண்டி வருகிறது. புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் சிறு பக்கற்றாக வரும் உறிஞ்சி மணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரியான பொருள்தான் அந்த வடிகட்டிக்குள் இருப்பது. அது காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நூற்றில் ஒரு பங்கு ஈரங்கூட இல்லாத காற்றை மணிகளுக்கு அனுப்பும். உறிஞ்சி நிறைந்ததும் அதையே சூடாக்கி ஈரத்தை வெளியே விரட்ட வேண்டும். அதைச் செய்யாமல் மாதக் கணக்கில் ஓட்டினால் விலை கூடிய ட்ரையரும் மலிவானதைப் போலத்தான் வேலை செய்யும். பட்டறையில் அப்படி ஒரு மெசின் நிற்கிறது என்பதற்காக மணி காய்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

இனி நான் கண்ட விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையின் பெயர் தேவையில்லை. வன்னியிலிருந்து 2010க்குப் பிறகு இரண்டு பிள்ளைகளுடன் இந்தப் பக்கம் வந்த ஓர் அக்கா அங்கே வேலை செய்கிறார். பொலிகாபனேற்றில் சுவிச்சு மூடி செய்கிறார்கள். மெசினின் கதவைத் திறந்து பொருளை எடுத்து, ஓரம் வெட்டி, பார்த்து அடுக்குவது அவருடைய வேலை. கழிவு ஒரு அளவுக்கு மேல் போனால் அன்று மெசினில் நின்றவரின் சம்பளத்தில் வெட்டு. ஒரு மழைக் காலத்தில் அவரும் கூட நின்ற மூவரும் எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள்.

“மிஸ், நாங்கள் அதே கைதான், அதே கத்திதான். வெயிலுக்கு நல்ல சாமான் வருது. மழைக்கு மட்டும் எங்கட கையில என்ன பிழை வருது?”

அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருந்தது. நான் மேலும் கேட்கக் கேட்க மற்ற விடயங்களும் வந்தன. கழிவு காலையில்தான் கூட, பத்து மணிக்குப் பிறகு குறைகிறது. திங்கட்கிழமை மற்ற நாட்களை விட மோசம். அரைத்த பழைய பிளாஸ்ரிக்கைக் கலக்கும் நாளில் இன்னும் மோசம். இதையெல்லாம் அவர்கள் நாட்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பேராதனையில் சமூகவியல் படித்த காலத்தில் தொழிலாளியின் அறிவு எப்படிக் கணக்கில் எடுக்கப்படாமல் போகிறது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதியிருக்கிறேன். அது சுவிச்சு மூடியின் மேல் வெள்ளிக் கோடாக விழும் என்று எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. மெசின் மணிக்கு 10 கிலோ தின்கிறது. ட்ரையர் 25 கிலோதான் பிடிக்கும். அப்படியானால் ஒரு மணி உள்ளே போய் வெளியே வர இரண்டரை மணித்தியாலந்தான். பொலிகாபனேற்றுக்கு வேண்டியது 3 முதல் 4. நாலு மணித்தியாலம் காய வேண்டுமானால் 40 கிலோ பிடிக்கும் ட்ரையர் வேண்டும், அல்லது மெசின் மெதுவாக ஓட வேண்டும். இந்தக் கணக்கை நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் போட்டுப் பார்க்கலாம்: ட்ரையர் பிடிக்கும் கிலோவை, மெசின் மணித்தியாலத்துக்குத் தின்னும் கிலோவால் பிரித்தால் மணி காயும் நேரம் வரும். அது மூட்டையிலோ மூலப்பொருளின் தாளிலோ எழுதியிருக்கும் நேரத்தை விடக் குறைவாக இருந்தால் யார் மெசினில் நின்றாலும் கழிவு வரும்.

காலைக் கழிவுக்குக் காரணம் இன்னும் எளிது. ட்ரையரைக் காலை ஏழு மணிக்குப் போட்டு ஏழரைக்கு வேலை தொடங்கினார்கள். முதல் மணித்தியாலங்களில் இறங்குவது அநேகமாகக் காயாத மணி. அதிகாலை மூன்று மணிக்கே ட்ரையர் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். முன்னர் அப்படித்தான் ஓடியதாம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிறகு சில தடவை குறைக்கப்பட்டாலும், இரவில் ட்ரையரை நிறுத்தும் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. முதலாளியின் கஷ்டத்தை நான் இல்லையென்று சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, சிறு பட்டறைகள் எத்தனை மூடப்பட்டன என்பதையும் பார்த்தோம். ஆனால் மின்சாரத்தில் மிச்சம் பிடித்த காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காயாத மணியால் வந்த கழிவு, கழிவால் வந்த வெட்டு, வெட்டு விழுந்தது நாலு பெண்களின் சம்பளத்தில்.

பிரித்த மூட்டையின் வாயைக் கட்டாமல் விடுவதும், அரைத்த பழைய பிளாஸ்ரிக்கைத் திறந்த பேசினில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வைப்பதும் திங்கட்கிழமைக் கதை. அரைத்த துண்டு மணியை விடச் சீக்கிரம் ஈரம் பிடிக்கும். காய வைத்த மணியையும் மூடியில்லாத ஹொப்பரில் விட்டால் அரை மணித்தியாலத்திலேயே திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடும்.

இதை எல்லாம் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டுமே. அங்கேதான் அக்காமார் தயங்கினார்கள். ஒருவருக்குச் சிங்களம் போதாது. இன்னொருவர் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தார். தமிழ்ப் பெண்கள் குறை சொல்கிறார்கள் என்ற பெயர் வந்துவிடும் என்று மூன்றாமவர் சொன்னார். இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணுவதில்லை. அதனால் குறை சொல்லப் போகாமல் முதலில் கணக்கு எழுதுவது என்று முடிவானது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. ட்ரையர் போட்ட நேரம், அதன் முகப்பில் காட்டும் வெப்பம், வேலை தொடங்கிய நேரம், மழையா வெயிலா, பழையது கலந்ததா, எத்தனை மூடி கழிந்தது. மூன்று கிழமை எழுதினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அந்தக் கொப்பியை யார் பார்த்தாலும், சிங்களம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எந்த எண் எதோடு ஏறி இறங்குகிறது என்பது விளங்கும்.

ஒரு சோதனையும் செய்து காட்டினார்கள். இதற்கு இரண்டு சிறிய கண்ணாடித் தகடும் ஒரு சூடான தட்டும் போதும். தட்டில் கண்ணாடியை வைத்து 270 பாகை அளவில் சூடாக்கி, அதன் மேல் நாலைந்து மணியை வைத்து, மேலே மற்றக் கண்ணாடியால் மெல்ல அழுத்த வேண்டும். தட்டு கடுஞ்சூடு, இடுக்கி இல்லாமல் தொடக் கூடாது. மணி உருகித் தட்டையானதும் உள்ளே பாருங்கள். தெளிவாக இருந்தால் காய்ந்தது. ஒன்றிரண்டு குமிழி இருந்தால் அகப்பட்ட காற்றாக இருக்கலாம். நிறையக் குமிழி இருந்தால் ஈரம். காலை ஏழரைக்கு எடுத்த மணியையும் மத்தியானம் எடுத்த மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது மேற்பார்வையாளர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லையாம்.

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது. எல்லாக் கழிவும் ஈரத்தால் வருவதல்ல. கதவைத் திறந்து மூடுவதில் நேரம் ஒரே சீராக இல்லாவிட்டால் குழலுக்குள் நிற்கும் குழம்பு அதிகம் வெந்து பழுப்புக் கோடு விழும். பேச்சுப் பராக்கில் தாமதித்தால் வருவது அது. அச்சில் எண்ணெய் பட்டாலும் கறை வரும். கோடு எப்போதும் ஒரே இடத்தில், குழம்பு நுழையும் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் விழுந்தால் ஈரத்தை விட வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஈரத்தின் கோடு பொருள் முழுக்கச் சிதறி, ஒன்றில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் விழும். மறுபுறம், கூடக் காய வைப்பதும் பிழைதான். நைலோனை அளவுக்கு மிஞ்சிச் சூட்டில் வைத்தால் மஞ்சளாகும். நைலோன் ஒரு விசித்திரமான சாதி. உருக்கும்போது தண்ணீர் கூடாது, ஆனால் செய்து முடித்த பொருளுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் வெடுக்கென்று உடையும். சில இடங்களில் செய்த பொருளைச் சுடுதண்ணீரில் ஊற வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் அந்த அக்கா, “அப்ப மாமியார் மாதிரி எண்டு சொல்லுங்கோ, எப்ப என்ன வேணும் எண்டு தெரியாது” என்றார்.

கையைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஈர மணி உருகும்போது குழலுக்குள் ஆவி அடைபடும். மெசினை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போதும், குழலில் நின்ற பழைய குழம்பை வெளியே தள்ளும்போதும் அந்த ஆவி வெடித்து, உருகிய பிளாஸ்ரிக்கைத் தெறிக்க வைக்கும். அந்த நேரத்தில் வாய்க்கு நேரே நிற்கக் கூடாது. முகக் கவசமும் நீளக் கையுறையும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்கலாம். தோலில் விழுந்து ஒட்டிவிட்டால் பிடுங்க வேண்டாம், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு, ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

போத்தல் சேகரித்து விற்கும் சகோதரிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஹொரணையில் உள்ள ஈக்கோ ஸ்பின்டில்ஸ் போன்ற தொழிற்சாலைகள் பி.ஈ.ரி. போத்தலை நொறுக்கி, கழுவி, காய வைத்து, உருக்கி நூலாக இழுக்கின்றன. தலைமயிர் போன்ற நூலில் ஒரு குமிழி வந்தாலே நூல் அறுந்துவிடும். அதனால் வாங்குபவர் ஈரமான, அழுக்கான சரக்குக்கு விலை குறைப்பார். மூடியைக் கழற்றி, தண்ணீரை வடித்து, தட்டையாக்கி, கூரைக்குக் கீழே வைத்தால் எடை சற்றுக் குறையும், ஆனால் பேரம் பேச இடம் கிடைக்கும். பி.வி.சி. போத்தலை அதற்குள் கலக்கவே வேண்டாம். பி.ஈ.ரி. காயும் சூட்டில் பி.வி.சி. கருகி, முழு மூட்டையையும் கெடுத்துவிடும்.

சம்பள வெட்டைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கை வைக்க இடம் கொடுப்பதில்லை. எந்தக் காரணத்துக்கு, எவ்வளவு வெட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளத் துண்டைக் கிழித்தெறியாமல் வையுங்கள். கண்டியில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்கள் நிலையத்திலிருந்து யாராவது கூட வருவோம்.

அந்தப் பட்டறையில் திணைக்களம் வரை போகத் தேவைப்படவில்லை. ட்ரையருக்கு நேரம் வைத்துத் தானாக இயங்கும் ஆளி ஒன்றைப் பூட்டினார்கள், அதிகாலையில் அது தானே தொடங்குகிறது. ஹொப்பருக்கு மூடி வந்தது. மூட்டையின் வாயைக் கட்டக் கயிறு வந்தது. மெசினின் வேகத்தைக் குறைக்க மட்டும் முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை, பெரிய ட்ரையர் வாங்கக் காசு இல்லை என்கிறார். மழைக்குக் கழிவு வருகிறது, முன்னரைப் போல இல்லை. வெட்டு நின்றிருக்கிறது.

காய வைக்கும் வேலையை இப்போது அந்த நால்வரில் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தவர், பார்க்கிறார். அவர் கேட்பது வேறு. “எங்க பெக்டரியில டிரையர் பாக்குறவருக்குத் தனிச் சம்பளம் மிஸ். அவரு கை வச்சாத்தான் தூளு. இங்கன அந்த வேலைய நான் செய்றேன், சம்பளம் மட்டும் சாமான் எடுக்குற சம்பளம்.” மாதத்துக்கு எவ்வளவு கேட்பது என்று கடந்த சனிக்கிழமை எங்கள் நிலையத்தில் இருந்து பேசினோம். மேலதிக நேரத்தைச் சேர்க்காமல் ஒரு தொகையை எழுதியிருக்கிறார்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன்னர், கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு, நால்வருமாகப் போய்க் கேட்கப் போகிறார்கள்.